ஃபைல் இல்லையா, திறக்க முடியவில்லையா? சி மொழியில் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மழைக்கணக்கில் பூஜ்யம் என்பது வேறு, அளக்காத நாள் என்பது வேறு. நீலகிரியில் மழைமானி வைத்திருக்கும் தேயிலை எஸ்டேட் ஆபீஸ்களில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலையில் அளந்து, ஒரு சொட்டு விழாவிட்டாலும் ரெஜிஸ்டரில் 0 என்று எழுதிவிடுவார்கள். கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்கு யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம். அதே கணக்கைக் கம்ப்யூட்டரில் நாளுக்கு ஒரு ஃபைலாகப் போட்டு, மாத மொத்தம் எடுக்க சி-யில் ஒரு சின்ன புரோகிராம் எழுதும்போதுதான் இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. ஃபைல் திறக்கவில்லை என்றால் புரோகிராம் பேசாமல் 0 சேர்த்துக்கொண்டு அடுத்த நாளுக்குப் போய்விடுகிறது.

கூடலூர், தேவாலா பக்கம் ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரியில் அவ்வளவு மழை இருக்காது. அங்கே ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். அதனால் ஜூலையில் கோத்தகிரி ஃபைல் ஒன்று காணாமல் போய் அந்த இடத்தில் 0 விழுந்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது. 2019 ஆகஸ்டில் நீலகிரியிலேயே இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட ஒரு நாளின் ஃபைல் திறக்காமல் போனால் மாத மொத்தமே பொய்யாகிவிடும்.

எனவே ‘ஃபைல் இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு என்று வைத்துக்கொள்வோம்: இருக்கிறது, இல்லை, சொல்ல முடியவில்லை. பெரும்பாலான சி பாடங்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. இந்த வழிகாட்டி முழுக்க அந்த மூன்றாவது விடையைத் தொலைக்காமல் வைத்திருப்பது பற்றித்தான்.

ஃபங்ஷன் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கம்பைலருக்கு ஆங்கிலச் சிற்றெழுத்தில் கொடுங்கள். முழுக்கப் பேரெழுத்தில் வர வேண்டியவற்றை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

படி 1: என்ன கேட்கிறோம் என்று முடிவுசெய்யுங்கள்

சி மொழியின் ஸ்டாண்டர்டு 1989-ல் வந்தது. ஃபைலை அழிக்க, பெயர் மாற்ற, தற்காலிக ஃபைல் உண்டாக்க எல்லாம் அதில் ஃபங்ஷன் இருக்கிறது. ஃபைல் இருக்கிறதா என்று மட்டும் கேட்க ஒரு ஃபங்ஷன் கிடையாது. இது பெரிய குறை என்று நான் நினைக்கவில்லை. யாருமே வெறுமனே இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. அதற்கப்புறம் படிக்கப்போகிறோம், அல்லது எழுதப்போகிறோம், அல்லது ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதிவிடக்கூடாது என்று பயப்படுகிறோம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

படிக்கப்போகிறீர்கள் என்றால் நேரே திறந்துவிடுங்கள். திறக்காவிட்டால் ஏன் என்று பாருங்கள். ஃபைலின் அளவு, வகை, கடைசியாக மாற்றிய நேரம் வேண்டும் என்றால் ஸ்டாட் என்ற ஃபங்ஷன், அது படி 5-ல். புதிதாக உண்டாக்கப்போகிறீர்கள், பழையது இருந்தால் தொடக்கூடாது என்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது, படி 7-ல் வருகிறது. பட்டியலில் பச்சை, சிவப்பு காட்டுவதற்கு மட்டும் கேட்கிறீர்கள் என்றால் படி 4-ல் வரும் ஆக்சஸ் என்ற ஃபங்ஷன் போதும்.

படி 2: எஃப்ஓப்பன் கொண்டு பார்ப்பது

எல்லா கம்பைலரிலும் ஓடும் ஒரே வழி இதுதான். எஸ்டிடிஐஓ ஹெடர் ஃபைலைச் சேருங்கள். எஃப்ஓப்பனுக்கு ஃபைல் பெயரையும், படிப்பதற்கான ‘ஆர்’ என்ற மோடையும் கொடுங்கள். திரும்ப வரும் பாயின்டர் நல் ஆக இல்லாவிட்டால் ஃபைல் திறந்துவிட்டது. உடனே படித்துவிட்டு எஃப்குளோஸ் போடுங்கள்.

மோடில் கவனம் வேண்டும். ‘டபிள்யூ’ கொடுத்தால் ஃபைல் இல்லாதபோது புதிதாக உண்டாகும். இருந்தால் உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்து அளவு 0 ஆகும். இருக்கிறதா என்று பார்க்கப்போய் ஒரு வருட மழைக்கணக்கைத் துடைத்துவிட இந்த ஒரு எழுத்து போதும். ‘ஏ’ மோடு அழிக்காது, ஆனால் இல்லாத ஃபைலை உண்டாக்கிவிடும். அதனால் சோதனை எப்போதும் ‘இருக்கிறது’ என்றே சொல்லும். படிக்கவும் எழுதவும் வேண்டும், ஆனால் புதிதாக உண்டாகக்கூடாது என்றால் ‘ஆர்’ உடன் ஒரு கூட்டல் குறி. அது இருக்கும் ஃபைலை அழிக்காமல் திறக்கும், இல்லாவிட்டால் நல் கொடுக்கும்.

திறந்ததை மூட மறப்பது இன்னொரு தொல்லை. முப்பது ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. பல ஸ்டேஷன், பல வருடம் என்று லூப் ஓடும்போது, ஒரு புரோகிராம் ஒரே சமயத்தில் திறந்து வைத்திருக்கக்கூடிய ஃபைல்களின் எல்லையைத் தொட்டுவிடும். லினக்ஸில் பெரும்பாலும் அந்த எல்லை 1024. அதற்குப் பிறகு எஃப்ஓப்பன் நல் கொடுக்கும். ஃபைல் அங்கேயேதான் இருக்கும், உங்கள் புரோகிராம் மட்டும் இல்லை என்று சாதிக்கும்.

லினக்ஸில் ஒரு விசித்திரமும் உண்டு. ஃபைல் பெயருக்குப் பதிலாக ஃபோல்டர் பெயரைக் கொடுத்து ‘ஆர்’ மோடில் திறந்தால் எஃப்ஓப்பன் வெற்றி பெறும். படிக்கப்போகும்போதுதான் ‘இது ஃபோல்டர்’ என்ற எரர் வரும். விண்டோஸில் அதே வேலை திறக்கும்போதே அனுமதி இல்லை என்று நின்றுவிடும். ஆக எஃப்ஓப்பன் வெற்றி பெற்றது என்பதை வைத்து மட்டும் அது ஒரு ஃபைல் என்று நம்ப முடியாது.

படி 3: நல் வந்தால் காரணத்தைக் கேளுங்கள்

என்னைப் பொறுத்தவரை இந்தப் படிதான் முழு வழிகாட்டியின் உயிர். இதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் செய்தாலும் பயன் இல்லை.

எர்ர்நோ என்ற ஹெடர் ஃபைலைச் சேர்த்தால் அதே பெயரில் ஒரு எண் கிடைக்கும். ஃபைல் திறக்காமல் போனதற்கான காரணம் அதில் இருக்கும். காரணங்களுக்குப் பேரெழுத்தில் பெயர்கள் உண்டு. புரோகிராமில் எப்போதும் பெயரையே எழுதுங்கள், எண்ணை எழுதாதீர்கள். திரையில் வந்த எண்ணைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்காக லினக்ஸ் எண்களை இங்கே சொல்கிறேன்.

2, ஈ-நோ-என்ட்: அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. 13, ஈ-ஆக்செஸ்: அனுமதி இல்லை. இதை எழுதும்போது கடைசியில் ஒரே ஒரு எஸ்தான், இரண்டு போட்டால் கம்பைலர் ஏற்காது. 20, ஈ-நாட்-டிர்: பாதையின் நடுவில் ஃபோல்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாதாரண ஃபைல் உட்கார்ந்திருக்கிறது. 24, ஈ-எம்-ஃபைல்: நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஃபைல்கள் எல்லையைத் தாண்டிவிட்டன. 36 என்றால் பெயர் மிக நீளம். 40 என்றால் சிம்பாலிக் லிங்க்குகள் (வேறொரு ஃபைலையோ ஃபோல்டரையோ சுட்டிக்காட்டும் பெயர்கள்) ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இவற்றில் 2-ம் 20-ம் மட்டும்தான் ‘இல்லை’ என்ற விடை. மற்றதெல்லாம் ‘சொல்ல முடியவில்லை’. அனுமதி இல்லாத ஃபைல் இல்லாத ஃபைல் அல்ல.

எர்ர்நோவைக் கையாளும்போது மூன்று பழக்கங்கள் வேண்டும். ஃபங்ஷன் தோற்ற பிறகு மட்டும் அதைப் பாருங்கள். வெற்றி பெற்ற ஃபங்ஷன் அதை 0 ஆக்கி வைக்காது, பழைய எண் அப்படியே கிடக்கும். தோற்றவுடன் அடுத்த வரியிலேயே வேறொரு வேரியபிளில் எடுத்து வையுங்கள். இடையில் ஒரு பிரிண்ட்எஃப் போட்டால்கூட அந்த எண் மாறிவிடலாம். அப்புறம், செய்தி காட்டும்போது ஃபைல் பெயரையும் சேர்த்துக் காட்டுங்கள். எஸ்டிஆர்எரர் என்ற ஃபங்ஷனுக்கு எண்ணைக் கொடுத்தால் அதற்கான வாக்கியத்தைத் தரும். அதோடு பெயரும் இருந்தால்தான் மறுநாள் பார்ப்பவருக்கு எந்த ஸ்டேஷன், எந்தத் தேதி என்று புரியும்.

ஒரு நுணுக்கம். எஃப்ஓப்பன் தோற்றால் எர்ர்நோவில் காரணம் வைத்தே ஆக வேண்டும் என்று சி ஸ்டாண்டர்டு கட்டாயப்படுத்தவில்லை. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது ஸ்டாண்டர்டான போசிக்ஸ்தான் அதைச் சொல்கிறது. லினக்ஸ், மேக் இரண்டிலும் நம்பலாம். விண்டோஸ் கம்பைலர்களும் வைக்கின்றன.

படி 4: ஆக்சஸ்

யுனிஎஸ்டிடி என்ற ஹெடர் ஃபைலில் இருக்கிறது. பெயரையும் எஃப்_ஓகே என்ற பேரெழுத்துக் குறியையும் கொடுத்தால், இருந்தால் 0, இல்லாவிட்டால் மைனஸ் 1. சி-யில் 0 என்றால் பொய் என்று பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். 0-க்குச் சமமா என்று வெளிப்படையாக எழுதிவிடுவதே நல்லது. ஆர்_ஓகே கொடுத்தால் படிக்க முடியுமா, டபிள்யூ_ஓகே கொடுத்தால் எழுத முடியுமா என்று சொல்லும்.

ஃபைலைத் திறக்காமலேயே பதில் கிடைப்பது இதன் வசதி. ஆனால் அது ஃபைலா ஃபோல்டரா என்று சொல்லாது. இன்னொன்று, இது புரோகிராமை இயக்கும் நிஜ யூசரின் அனுமதியைப் பார்க்கிறது. புரோகிராம் வேறொரு யூசரின் அதிகாரத்தில் ஓடும்படி அமைத்திருந்தால், ஆக்சஸ் சொல்வதும் திறக்கும்போது நடப்பதும் வேறு வேறாகலாம். பாதுகாப்பு முக்கியமான இடத்தில் ஆக்சஸைக் கேட்டுவிட்டுத் திறப்பது ஒரு ஓட்டை என்று அதன் கையேட்டுப் பக்கமே எச்சரிக்கிறது.

படி 5: ஸ்டாட்

மழைக்கணக்கு மாதிரி வேலைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். எஸ்ஒய்எஸ் ஃபோல்டரில் இருக்கும் ஸ்டாட் ஹெடர் ஃபைலைச் சேருங்கள். ஸ்டாட் என்ற பெயரிலேயே ஒரு ஸ்ட்ரக்சர் இருக்கிறது, அதில் ஒரு வேரியபிள் அறிவியுங்கள். ஃபைல் பெயரையும் அந்த வேரியபிளின் முகவரியையும் ஸ்டாட் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், வெற்றி என்றால் 0 வரும், ஸ்ட்ரக்சர் நிரம்பியிருக்கும்.

மூன்று விவரம் முக்கியம். வகை: எஸ்டி_மோடு என்ற உறுப்பை எஸ்_ஐஎஸ்ஆர்இஜி என்ற பேரெழுத்து மேக்ரோவுக்குக் கொடுத்தால், சாதாரண ஃபைலா என்று சொல்லும். ஃபோல்டரா என்று கேட்க எஸ்_ஐஎஸ்டிஐஆர். அளவு: எஸ்டி_சைஸ். கடைசியாக மாற்றிய நேரம்: எஸ்டி_எம்டைம்.

அளவை நம் வேலையில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் காற்றடித்து மரம் விழுந்து கரண்ட் போவது மலையில் சாதாரணம். ஃபைலை ‘டபிள்யூ’ மோடில் திறந்து, எண்ணை எழுதுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டால் 0 பைட் ஃபைல் ஒன்று மிஞ்சும். இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். உள்ளே ஒன்றும் இருக்காது. அதிலிருந்து எண்ணைப் படிக்க எஃப்ஸ்கேன்எஃப் போட்டு, அது 1 திருப்பியதா என்று பார்க்காமல் விட்டால், முந்தைய நாளின் எண்ணே வேரியபிளில் இருந்து மறுபடி கூட்டப்படும். அளவு 0 என்றால் ‘அளவீடு இல்லை’ என்று தனியாகக் குறியுங்கள்.

ஸ்டாட் செய்ய அந்த ஃபைலின் மேல் படிக்கும் அனுமதி தேவையில்லை. பாதையில் இருக்கும் ஃபோல்டர்களுக்குள் நுழையும் அனுமதி இருந்தால் போதும். அதனால் ஸ்டாட் இருக்கிறது என்று சொன்ன ஃபைல் திறக்காமல் போகலாம்.

சிம்பாலிக் லிங்க் இருந்தால் ஸ்டாட் அது காட்டும் இடத்துக்குப் போய்ப் பார்க்கும். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் ஈ-நோ-என்ட் தரும். லிங்க் மட்டும் அந்தரத்தில் நிற்கிறதா என்று தெரிய வேண்டுமானால் எல்ஸ்டாட் என்று எல் சேர்த்துக் கூப்பிடுங்கள், அது லிங்க்கையே பார்க்கும்.

பழைய 32 பிட் மெஷினில் 2 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலுக்கு ஸ்டாட் தோற்கலாம். கம்பைல் செய்யும்போது ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ் என்ற அமைப்பை 64 என்று கொடுத்தால் சரியாகும். மழைக்கணக்கு அந்த அளவுக்கு வளராது.

ஃபைலுக்கு முன்னால் ஃபோல்டரைக் கேளுங்கள்

கணக்கு பென் டிரைவிலோ நெட்வொர்க் ஃபோல்டரிலோ இருந்து, அது இணையாமல் போயிருந்தால் முப்பத்தோரு நாளுக்கும் ஈ-நோ-என்ட் வரும். புரோகிராம் ‘இந்த மாதம் அளவீடே இல்லை’ என்று அழகாக அறிக்கை அடிக்கும். ஒவ்வொரு ஃபைலையும் தேடுவதற்கு முன், ஸ்டேஷன் ஃபோல்டரை ஒருமுறை ஸ்டாட் செய்து, அது இருக்கிறதா, உண்மையிலேயே ஃபோல்டர்தானா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஃபோல்டர் இருந்து ஃபைல் இல்லாமல் போனால்தான் ‘அன்று அளக்கவில்லை’ என்ற முடிவுக்கு வர நியாயம் உண்டு.

இப்போது இவற்றையெல்லாம் ஒரு ஃபங்ஷனில் அடக்கலாம். பெயரை வாங்கும், ஸ்டாட் செய்யும். 0 வந்தால் வகையைப் பார்க்கும். சாதாரண ஃபைல் என்றால் அளவைப் பார்த்து ‘இருக்கிறது’ அல்லது ‘காலி’ என்று சொல்லும். ஃபோல்டர் போன்ற வேறு வகை என்றால் ‘சொல்ல முடியவில்லை’ பக்கம் தள்ளும். மைனஸ் 1 வந்தால் எர்ர்நோவை எடுத்து வைத்து, ஈ-நோ-என்ட் அல்லது ஈ-நாட்-டிர் என்றால் ‘இல்லை’, வேறு எதுவாக இருந்தாலும் ‘சொல்ல முடியவில்லை’ என்று சொல்லும்.

இந்த விடைகளுக்கு 1, 0, மைனஸ் 1 என்று எண் கொடுத்து, கூப்பிடும் இடத்தில் வெறும் இஃப் போட்டால் ஆபத்து. சி-யில் 0 தவிர எல்லா எண்ணும் உண்மை. மைனஸ் 1-ம் உண்மைதான். சொல்ல முடியவில்லை என்பது இருக்கிறது என்று ஆகிவிடும். எண்களுக்குப் பெயர் சூட்டும் ‘ஈனம்’ என்ற சி வகையை வைத்து ஒவ்வொரு விடைக்கும் ஒரு பெயர் கொடுங்கள், ஸ்விட்ச் போட்டு எல்லா விடைக்கும் ஒரு கேஸ் எழுதுங்கள். ஜிசிசி-யில் பொதுவான எச்சரிக்கைகளைக் காட்டும் ‘வால்’ ஆப்ஷனோடு கம்பைல் செய்தால், டிஃபால்ட் போடாத ஸ்விட்சில் ஒரு கேஸை விட்டுவிட்டாலும் அதுவே சொல்லும்.

படி 6: ஃபைல் இருந்தும் இல்லை என்கிறதா? பெயரைப் பாருங்கள்

ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, புரோகிராம் மட்டும் ஈ-நோ-என்ட் என்கிறது. இப்படி வரும்போது பெரும்பாலும் குற்றவாளி பெயர்தான்.

முதலில் பார்க்க வேண்டியது, பெயரின் முடிவில் ஒட்டியிருக்கும் புதுவரி. எஃப்கெட்ஸ் வைத்துப் பெயரைக் கீபோர்டிலிருந்து வாங்கினால், என்டர் அடித்ததும் சேர்ந்தே உள்ளே வரும். திரையில் தெரியாது. எஸ்டிஆர்சிஎஸ்பிஎன் ஃபங்ஷன் கொண்டு புதுவரியின் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே 0 போட்டுவிடுங்கள். செய்தியில் பெயரைக் காட்டும்போது இரண்டு பக்கமும் மேற்கோள் குறி வைத்தால், மூடும் குறி அடுத்த வரியில் விழுவதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது, புரோகிராம் எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு தேடுகிறது என்பது. முழுப் பாதை கொடுக்காத பெயரை, புரோகிராம் கிடக்கும் ஃபோல்டரில் தேட மாட்டார்கள், அதை இயக்கிய ஃபோல்டரில்தான் தேடுவார்கள். டெர்மினலில் ஓடும் புரோகிராம், குறித்த நேரத்தில் தானாக இயக்கும் கிரானில் போட்டதும் ஓடாமல் போவது இதனால்தான், கிரான் ஹோம் ஃபோல்டரிலிருந்து தொடங்கும். கெட்சிடபிள்யூடி ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அது தரும் பாதையைச் செய்தியில் காட்டுங்கள்.

விண்டோஸில் பாதையைப் பின்சாய்வுக் கோட்டோடு எழுதுவோம். சி ஸ்ட்ரிங்கில் அந்தக் கோட்டுக்குப் பின் ‘டி’ வந்தால் டேப், ‘என்’ வந்தால் புதுவரி. ஒவ்வொரு பின்சாய்வையும் இரட்டையாகப் போடுங்கள், அல்லது முன்சாய்வுக் கோடே போடுங்கள். விண்டோஸ் அதையும் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசியில் வரும் டெக்ஸ்ட் என்ற எக்ஸ்டென்ஷனை மறைத்துக் காட்டுவதால், நோட்பேடில் சேமித்த ஃபைலுக்கு அந்த எக்ஸ்டென்ஷன் இரண்டு முறை ஒட்டியிருக்கலாம், அதையும் பாருங்கள். லினக்ஸில் ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வேறு வேறு. விண்டோஸில் ஓடிய புரோகிராம் இங்கே வந்ததும் தடுக்கி விழ அது ஒன்றே போதும்.

கடைசியாக, தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள். இதைப் பாடங்களில் யாரும் சொல்வதில்லை, நமக்குத்தான் இது தேவைப்படுகிறது.

யூனிகோடில் ‘கோ’ என்பதில் வரும் ஓகாரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். முழுக் குறியாக ஒரே எண்ணில் வைக்கலாம். அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனி எண்களாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், எழுத்துருவில் ஒரு புள்ளி வித்தியாசம் இருக்காது. ஒகரத்துக்கும் இதேதான். ஆக கோத்தகிரிக்கும் கோடநாட்டுக்கும் இந்தச் சிக்கல் உண்டு, பழனி மலையில் கொடைக்கானலுக்கும் உண்டு. ஊட்டி, குன்னூர், கூடலூர் தப்பித்துவிடும்.

யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும், அதாவது உயிர்க்குறியும் புள்ளியும் உட்பட யூனிகோடில் தனி எண் பெற்ற ஒவ்வொன்றுக்கும், 3 பைட். கோத்தகிரி என்ற பெயர் முழுக் குறியோடு எழுதினால் 9 குறிகள், 27 பைட். பிரித்து எழுதினால் 10 குறிகள், 30 பைட். எஸ்டிஆர்லென் போட்டுப் பார்த்தால் இந்த 27-ம் 30-ம் உடனே தெரியும். லினக்ஸுக்கு ஃபைல் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, அது எழுத்தைப் படிப்பதில்லை. 27 பைட் பெயரில் ஃபோல்டர் இருந்து நீங்கள் 30 பைட் பெயரைக் கேட்டால், இல்லை என்று சொல்வதுதான் அதற்குச் சரி. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்குகள் பெயரைப் பிரித்த வடிவத்தில்தான் சேமித்தன. அங்கிருந்து காப்பி செய்து கொண்டுவந்த ஃபோல்டர்களில் இதை எதிர்பார்க்கலாம்.

தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஃபோல்டர் பெயரைப் புரோகிராமின் ஒரே இடத்தில் மட்டும் உண்டாக்குங்கள், பார்க்கும் இடமும் அதே ஸ்ட்ரிங்கைப் பயன்படுத்தட்டும். வெளியிலிருந்து வந்த ஃபோல்டர்களாக இருந்தால், பெயரைக் கையால் டைப் செய்து தேடுவதற்குப் பதில், ஓப்பன்டிர், ரீட்டிர் ஃபங்ஷன்களால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, கிடைத்த பெயரை அப்படியே திறங்கள். நீளத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 டிஸ்க்கில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை, அதாவது 85 தமிழ்க் குறிகள். ஊர், எஸ்டேட், டிவிஷன், தேதி என்று சேர்த்துக்கொண்டே போனால் அது சீக்கிரம் நிரம்பும்.

விண்டோஸில் சாதாரண எஃப்ஓப்பன் அந்த மெஷினின் பழைய கோட்பேஜ் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணை) வழியாகத்தான் பெயரைப் படிக்கும். தமிழுக்கு அப்படி ஒரு கோட்பேஜ் கிடையாது. அதனால் தமிழ்ப் பெயரைத் திறக்க டபிள்யூஎஃப்ஓப்பன், ஸ்டாட்டுக்கு டபிள்யூஸ்டாட் என்று, முன்னால் அடிக்கோடு வைத்த அகலமான வடிவங்களைக் கூப்பிட வேண்டும். ஆக்சஸும் அங்கே அடிக்கோட்டோடு ஐஓ என்ற ஹெடர் ஃபைலில் இருக்கிறது. வேறொரு புரோகிராம் ஃபைலைப் பூட்டி வைத்திருந்தாலும் விண்டோஸ் அனுமதி இல்லை என்றே சொல்லும் என்பதையும் மனதில் வையுங்கள்.

படி 7: புதிதாக எழுதும்போது

இன்றைய ஃபைல் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் உண்டாக்கு என்று எழுதத் தோன்றும். மலைப்பாதையில் வளைவு காலியாக இருக்கிறது என்று பார்த்த நொடியும் வண்டியைத் திருப்பும் நொடியும் ஒன்றல்ல, இடையில் மேலிருந்து பஸ் வந்துவிடலாம். இங்கேயும் அப்படித்தான். நீங்கள் கேட்டபோது இல்லாத ஃபைலை, நீங்கள் திறப்பதற்குள் இன்னொரு புரோகிராம் உண்டாக்கிவிடலாம். இரண்டு பேர் இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் பதிவு போட்டால் ஒருவர் எழுதியது போய்விடும்.

கேட்பதையும் உண்டாக்குவதையும் ஒரே செயலாகச் செய்ய வேண்டும். 2011 சி ஸ்டாண்டர்டில் எஃப்ஓப்பனுக்கு ‘டபிள்யூ’ உடன் ‘எக்ஸ்’ சேர்க்கும் மோடு வந்தது. ஃபைல் ஏற்கெனவே இருந்தால் அது தோற்கும், உள்ளே இருப்பதைத் தொடாது. லினக்ஸில் அப்போது எர்ர்நோ 17, ஈ-எக்ஸிஸ்ட். போசிக்ஸ் வழியில் செய்வதென்றால் ஓப்பன் ஃபங்ஷனுக்கு எழுதுவதற்கான ஓ_டபிள்யூஆர்ஒன்லி-யோடு ஓ_கிரியட், ஓ_எக்ஸ்சிஎல் என்ற பேரெழுத்துக் குறிகளையும் சேர்த்துக் கொடுங்கள். கிரியட் என்பதை ஆங்கிலத்தில் கடைசி இ இல்லாமல் எழுத வேண்டும். அனுமதிக்கான மூன்றாவது மதிப்பையும் மறக்காதீர்கள், 0644 என்று முன்னால் பூஜ்யத்தோடு.

இருக்கும் ஃபைலைத் திருத்தி எழுத வேண்டுமானால் நேரடியாக ‘டபிள்யூ’ போடாதீர்கள். அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். எஃப்ஃபிளஷ், அப்புறம் எஃப்சிங்க் போட்டு டிஸ்க்குக்குப் போனதை உறுதிசெய்யுங்கள். எஃப்குளோஸ் 0 திருப்பியதா என்று பாருங்கள், டிஸ்க் நிறைந்தது சில சமயம் அங்கேதான் தெரியும். எல்லாம் சரியென்றால் ரீநேம் செய்து நிஜப் பெயருக்கு மாற்றுங்கள். போசிக்ஸில் ரீநேம் ஒரே வீச்சில் நடக்கும். நடுவில் கரண்ட் போனாலும் பழைய கணக்கு முழுசாக இருக்கும், அல்லது புதியது முழுசாக இருக்கும். விண்டோஸில் அந்த நிஜப் பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் சி-யின் ரீநேம் தோற்கும். அங்கே மூவ்ஃபைல்எக்ஸ் என்ற விண்டோஸ் ஃபங்ஷனை, மேலெழுத அனுமதிக்கும் குறியோடு கூப்பிட வேண்டும்.

படி 8: தோற்கும்படி சோதித்துப் பாருங்கள்

ஃபைல் இருக்கும்போது வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஒரு தனி ஃபோல்டரை உண்டாக்கி அதற்குள் கெட்ட நிலைமைகளை நீங்களே உருவாக்குங்கள். டச் கட்டளையால் 0 பைட் ஃபைல் ஒன்று. தேதிப் பெயரிலேயே ஒரு ஃபோல்டர். இல்லாத இடத்தைக் காட்டும் ஒரு சிம்பாலிக் லிங்க். சிஎச்மாட் கட்டளையில் 000 கொடுத்து அனுமதியை எடுத்த ஒரு ஃபைல். அதேபோல நுழையும் அனுமதியை எடுத்த ஒரு ஃபோல்டரும், அதற்குள் ஒரு நல்ல ஃபைலும். இதில் ஸ்டாட்டும் ஈ-ஆக்செஸ் தர வேண்டும், உங்கள் ஃபங்ஷன் ‘சொல்ல முடியவில்லை’ என்று சொல்ல வேண்டும். ‘இல்லை’ என்று சொன்னால் படி 3-க்குத் திரும்பிப் போங்கள். கோத்தகிரி என்ற பெயரில் இரண்டு வடிவத்திலும் இரண்டு ஃபோல்டர். லினக்ஸில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும்.

இந்தச் சோதனைகளை முழு அதிகாரம் உள்ள ரூட் யூசராகவோ, அந்த அதிகாரத்தைத் தரும் சூடோ கட்டளை போட்டோ ஓட்டாதீர்கள். ரூட்டுக்கு அனுமதித் தடை எதுவும் பொருந்தாது. 000 ஃபைலும் திறந்துவிடும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். சாதாரண யூசராக நுழைந்து ஓட்டுங்கள். எஸ்டேட் ஆபீசில் அந்தப் புரோகிராமை இயக்கப்போகிறவரின் லாகினிலேயே ஓட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது. மாத அறிக்கையில் மொத்த மில்லிமீட்டருக்குப் பக்கத்திலேயே அளந்த நாட்கள் இத்தனை, ஃபைல் இல்லாத நாட்கள் இத்தனை, காலியாக இருந்த நாட்கள் இத்தனை, திறக்க முடியாத நாட்கள் இத்தனை என்று நான்கு எண்களையும் அச்சிடுங்கள். நான்கும் சேர்ந்து அந்த மாதத்தின் நாட்களுக்குச் சமமாக வராவிட்டால் புரோகிராம் அறிக்கை தராமல் நிற்கட்டும்.